கடல்ல ட்யூப்லைட் இருக்கா?

நம்ம வீடுகள்ல வெயிலுக்கு ரொம்ப நல்ல பேர். தலையணை நாறுதா, வெயில்ல போடு. அரிசியில வண்டு வந்துடுச்சா, மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போ. வடகம், வத்தல், கருவாடு எல்லாமே வெயிலோட தயவு. "வெயில் பட்டா எல்லாம் சரியாயிடும்"னு எங்க பாட்டி சொல்லாத நாளே கிடையாது. நானும் இருபத்தோரு வருஷம் அதை அப்படியே நம்பிட்டு இருந்தேன். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுடுச்சு. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு மன்னிப்பு. நான் இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் ஒன்ல மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்த கூட்டத்துல ஒருத்தன். கட்டுரைன்னு தமிழ்ல கடைசியா எழுதினது பத்தாவது பப்ளிக் எக்ஸாம்ல. அதனால சந்திப்பிழை கண்ணுல பட்டா என்னை விட்டுட்டு எடிட்டரைத் திட்டுங்க. ஆனாலும் இதைத் தமிழ்லதான் எழுதணும்னு நான் அடம்பிடிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

எங்க ப்ராஜெக்ட் டீம்ல மூணு பேர். அதுல ஒருத்தன் எண்ணூர் பக்கத்துல ஒரு குப்பத்திலிருந்து வர்றவன். ஹாஸ்டல்ல அவனுக்கு 'எண்ணூரான்'னுதான் பேர், இங்கேயும் அப்படியே வெச்சுக்கலாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ நாங்க செகண்ட் இயர். அந்த வெள்ளத்தோட சேர்ந்து மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்துச்சு. மீனவர்கள் படகுல நின்னுக்கிட்டு பக்கெட்டும் மக்கும் வெச்சு எண்ணெயை அள்ளின வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. 2017 ஜனவரியில எண்ணூருக்குப் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ நான் ஏழாவது படிச்சுட்டு இருந்தேன். அப்பவும் டிவியில இதே பக்கெட்டுகளைத்தான் காட்டினாங்க.

தேர்ட் இயர் லீவுல எண்ணூரான் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவன் அம்மா மீன் விக்கிறவங்க. அன்னைக்கு இறால் தொக்கு. தட்டுல போடும்போதே, "இது காசிமேட்டுல வாங்கினது தம்பி, ஆத்து இறால் இல்ல. பயப்படாம சாப்பிடு"ன்னாங்க. நான் எதுவுமே கேக்கல. யாரும் கேக்காமலே அந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி அவங்களுக்குப் பழகிப்போச்சுன்னு புரிஞ்சப்போ எனக்குச் சோறு இறங்கல. வீட்டு வாசல்ல நின்னா ஆறு தெரியுது. இறாலுக்குக் காசிமேடு போகணும்.

சாப்பிட்டு முடிச்சதும் அவங்களே கேட்டாங்க: "நீங்கள்லாம் இதுக்குத்தானே படிக்கிறீங்க? ஆத்துல இருக்கிற இறாலு, நண்டு, சிப்பியெல்லாம் நல்லாயிடுச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்ல முடியாதா? எண்ணெய் வந்து இவ்ளோ நாளாச்சு. எவ்ளோ வெயில் அடிச்சிருக்கு!"

எங்களுக்கு ப்ராஜெக்ட் டாபிக் கிடைச்சது அப்படித்தான்.

எண்ணூர் தண்ணியில என்னென்ன கலந்திருக்குன்னு பட்டியல் போட்டு முடிக்கவே நாலு வருஷம் ஆகும். அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம், எண்ணெய். சிப்பிக் குஞ்சு வளர்க்க எங்க லேப்ல வசதி கிடையாது. அதுக்குப் பதிலா ஆர்ட்டீமியா. இறால் பண்ணைகள்ல குஞ்சு இறாலுக்குத் தீவனமாப் போடுற, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொடிப் பூச்சி. முட்டை டப்பாவுல கிடைக்கும். உப்புத் தண்ணியில போட்டு காத்துக் குழாய் விட்டா ஒரு நாள்ல ஆரஞ்சு நிறப் புள்ளிகளா நீந்த ஆரம்பிச்சுடும்.

மெக்கானிக் ஷாப்ல பழைய இன்ஜின் ஆயில் வாங்கினோம். திருவான்மியூர்ல கடல் தண்ணி பிடிச்சோம். ரெண்டையும் ஒரு நாள் முழுக்கக் கலக்கி, தெளிய வெச்சு, மேல மிதக்கிற எண்ணெயை விட்டுட்டு கீழ இருக்கிற தண்ணியை மட்டும் எடுத்தோம். பார்த்தா சாதாரணத் தண்ணி மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு பீக்கர்லயும் பத்துப் பூச்சி. லேப் மேஜை மேல, ட்யூப்லைட் வெளிச்சத்துல, 24 மணி நேரம்.

மறுநாள் பார்த்தா எல்லாம் ஜாலியா நீந்திட்டு இருக்கு. எண்ணெய்த் தண்ணியைப் பாதிப் பாதியாத் தண்ணி கலந்து குறைச்சுப் போட்ட பீக்கர்கள்ல ஒண்ணுகூடச் சாகல. எங்களுக்கு ஒரே சந்தோஷம். செகண்ட் ரிவ்யூவுக்கு ரிப்போர்ட் டைப் பண்ணினது நான்தான். 'இந்த அளவு எண்ணெய் பாதுகாப்பானது' என்ற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் எழுதினேன். எண்ணூரான் அதை ரெண்டு தடவை படிச்சான். "அப்போ எங்கம்மாகிட்ட சொல்லிடலாமா?"ன்னு கேட்டான். "சொல்லுடா"ன்னேன்.

நல்லவேளை, அவன் உடனே சொல்லல.

ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி, ஒரு செட்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னாங்க கைடு மேடம். அன்னைக்குன்னு பார்த்து மேஜை முழுக்க ஜூனியர்ஸோட டைட்ரேஷன். வேற வழியில்லாம ட்ரேயை ஜன்னல் திட்டுல வெச்சுட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டோம். மேற்குப் பார்த்த ஜன்னல். சாயந்திரம் வந்து பார்த்தா, எண்ணெய்த் தண்ணி பீக்கர்கள்ல பெரும்பாலானது அடியில கிடக்குது. அதே எண்ணெய், அதே அளவு, அதே டப்பாவுல பொரிஞ்ச பூச்சி.

எங்க முதல் ரியாக்‌ஷன் என்ன தெரியுமா? அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட்டுடலாம்ங்கிறதுதான். "ஏதோ கன்டாமினேஷன்டா, விடு"ன்னு சொன்னது நான். நீங்களும் லேப்ல இப்படிச் சொல்லியிருப்பீங்க, மறைக்காதீங்க. ஆனா எண்ணூரான் மேடம்கிட்ட போய்ச் சொல்லிட்டான். மேடம் ட்ரே இருந்த இடத்தைப் பார்த்தாங்க, மேல எரியுற லைட்டைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "கடல்ல ட்யூப்லைட் இருக்கா?"

அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான். இந்த ஜன்னல் கதை எங்களுக்கு 120 வருஷத்துக்கு மேல முன்னாடியே ஒருத்தருக்கு நடந்திருக்கு. அவரும் ஸ்டூடண்ட்தான். பேர் ஆஸ்கர் ராப். ஜெர்மனியில மியூனிக் நகரத்துல ஹெர்மன் ஃபான் டாப்பைனர்ங்கிற பேராசிரியர்கிட்ட வேலை பார்த்த மருத்துவ மாணவர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கிற அக்ரிடின்ங்கிற பொருள், பாரமீசியம்ங்கிற ஒரு செல் உயிரை எவ்வளவு நேரத்துல கொல்லுதுன்னு பார்க்கிறதுதான் அவர் வேலை. ஒரே அளவு அக்ரிடின் ஒரு நாள் சீக்கிரமே கொன்னுச்சு, இன்னொரு நாள் பல மடங்கு நேரம் எடுத்துக்கிச்சு. அந்த இன்னொரு நாள்ல என்ன வித்தியாசம்னு யோசிச்சா, அன்னைக்கு இடி மழை, வானம் இருட்டிக் கிடந்திருக்கு. வெளிச்சம்தான் வித்தியாசம்னு கண்டுபிடிச்சு 1900-ல வெளியிட்டார். நான் 'கன்டாமினேஷன்'னு தூக்கிப் போட இருந்ததை அவர் தூக்கிப் போடல. இன்னைக்குப் புற்றுநோய்க் கட்டிகள் சிலதை, மருந்தும் வெளிச்சமும் சேர்த்துக் கொல்ற சிகிச்சை முறைக்கு ஆரம்பப்புள்ளி அதுதான்.

சரி, உள்ள என்னதான் நடக்குது?

எண்ணெய்ல பி.ஏ.எச்-னு ஒரு குடும்பம் இருக்கு. கெமிஸ்ட்ரி க்ளாஸ்ல தூங்காம இருந்திருந்தா பென்சீன் வளையம் ஞாபகம் இருக்கும். அந்த வளையங்கள் ரெண்டு, மூணு, நாலுன்னு தேன்கூடு மாதிரி ஒட்டிக்கிட்டா அதுதான் பி.ஏ.எச். ஆந்த்ரசீன், பைரீன், ஃப்ளோரான்தீன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ராப் பயன்படுத்தின அக்ரிடின்கூட ஆந்த்ரசீனோட நடு வளையத்துல ஒரு கார்பனுக்குப் பதிலா நைட்ரஜனை வெச்சது, அவ்ளோதான்.

இந்த வளையங்கள் சூரிய ஒளியில இருக்கிற யூ.வி-யை, முக்கியமா யூ.வி.ஏ-வை உறிஞ்சும். உறிஞ்சின சக்தியைத் தானே வெச்சுக்காம பக்கத்துல இருக்கிற ஆக்சிஜன்கிட்ட கொடுத்துடும். நம்ம சுவாசிக்கிற அதே ஆக்சிஜன், இந்தக் கூடுதல் சக்தி வந்ததும் வெறி பிடிச்ச மாதிரி ஆகி, செல்லைச் சுத்தியிருக்கிற கொழுப்புச் சுவரை அரிக்க ஆரம்பிக்கும். பி.ஏ.எச் கொழுப்புலதான் போய்த் தங்கும்ங்கிறதால, தீப்பெட்டி வைக்கோல்போருக்குள்ளேயே இருக்குன்னு வெச்சுக்கோங்க. சக்தியைக் கொடுத்துட்ட பி.ஏ.எச் பழைய நிலைக்கு வந்து, அடுத்த யூ.வி-க்குத் தயாராயிடும். அதாவது ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப இதே வேலையைச் செய்யும். ரொம்பக் கொஞ்ச எண்ணெய்கூட வெயில்ல பெரிய சேதம் பண்றதுக்கு இதுதான் காரணம்.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. டாக்ஸிசைக்கிளின் மாத்திரை கொடுக்கும்போது "ரொம்ப வெயில்ல அலையாதீங்க"ன்னு டாக்டர் சொல்றாங்க இல்லையா, இதே மாதிரி சமாச்சாரம்தான்.

எங்க ஜன்னல் விஷயத்துல ஒரு சின்ன நுணுக்கம். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி-யைப் பெருமளவு தடுத்துடும், ஆனா யூ.வி.ஏ-வைப் பெரும்பாலும் உள்ள விட்டுடும். ட்யூப்லைட்ல யூ.வி ரொம்பக் கம்மி. அதனாலதான் மேஜை மேல 'பாதுகாப்பானது', பத்தடி தள்ளி ஜன்னல் ஓரத்துல விஷம்.

இப்போ கடலுக்கு வருவோம். சிப்பி, மட்டி மாதிரி ஓட்டு உயிர்கள் தண்ணியை உறிஞ்சி, வடிகட்டி, அதுல இருக்கிற நுண்ணுயிர்களைச் சாப்பிட்டு வாழுது. வளர்ந்த ஒரு சிப்பி ஒரு மணி நேரத்துக்கு லிட்டர் கணக்குல வடிகட்டும். தண்ணியில இருக்கிற எண்ணெயும் கூடவே உள்ள போகும். மீனுக்குக் கல்லீரல் இருக்கு, பி.ஏ.எச்-சை ஓரளவு வேகமா உடைச்சு வெளியேத்திடும். சிப்பிக்கு அந்தத் திறமை ரொம்பக் கம்மி. உள்ள சேர்த்துச் சேர்த்து வெச்சுக்கும். இந்த குணத்தைப் பார்த்துத்தான் 1975-ல எட்வர்ட் கோல்ட்பெர்க்ங்கிற விஞ்ஞானி, உலகம் முழுக்கக் கடல் மாசைக் கண்காணிக்க சிப்பிகளையே காவலுக்கு வெக்கலாம்னு சொன்னார். அமெரிக்காவுல 1986-லிருந்து அப்படி ஒரு திட்டமே நடக்குது.

உடம்பு முழுக்க பி.ஏ.எச். மேல உச்சி வெயில். அப்புறம் ஏன் பெரிய சிப்பிகள் பாறையில ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு? ஓடு இருக்கே! குடைக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி.

சிக்கல் அதோட குஞ்சுக்குத்தான். சிப்பி பிறக்கும்போதே பாறையில ஒட்டிக்கிட்டுப் பிறக்கிறதில்லை. முட்டையும் விந்தும் தண்ணியில கலந்து உருவாகிற குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அளவுல, சில வாரம் கடல்ல மிதந்து திரியும். அந்த வயசுல அதோட ஓடு மெல்லிசு, உடம்பு கண்ணாடி மாதிரி. தன்னைத் தின்ன வர்றவங்க கண்ணுல படாம இருக்க இயற்கை கொடுத்த தந்திரம் அந்தக் கண்ணாடி உடம்பு. எண்ணெய் கலந்த கடல்ல அதே தந்திரம்தான் வெயிலுக்குக் கதவைத் திறந்து விடுது.

1983-ல அமெரிக்காவுல ஆந்த்ரசீன் கலந்த தண்ணியில மீன்களை விட்டுப் பார்த்தப்போ, வெயில்ல இருந்தது செத்துச்சு, நிழல்ல இருந்தது பிழைச்சுது. 1997-ல கடல் மட்டிக் குஞ்சுகளையும் குட்டி இறால் வகை ஒண்ணையும் வெச்சு அங்கேயே ஒரு ஆய்வு வந்துச்சு. தனித்தனி பி.ஏ.எச்-களோட விஷம் யூ.வி சேர்ந்தா 12 மடங்கிலிருந்து 50,000 மடங்குக்கும் மேல ஏறுதுன்னு அதுல இருக்கு. கச்சா எண்ணெய்லயும் கனமான எரிபொருள் எண்ணெய்லயும் இந்த விளைவு தெரிஞ்சுது. அவங்க சோதிச்சதுலயே லேசான எரிபொருள்ல தெரியல. நாங்க மட்டும் பழைய இன்ஜின் ஆயிலுக்குப் பதிலா டீசல் வாங்கியிருந்தா ஜன்னல் ஓரத்துலயும் ஒண்ணும் தெரியாம போயிருக்கலாம். மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி.

இவ்வளவும் படிச்சுட்டு மேடம்கிட்ட போய், "வெயில்தான் மேடம் காரணம்"னு பெருமையாச் சொன்னேன். "வெயில்னா வெளிச்சமா, சூடா?"ன்னு அடுத்த கேள்வி. நியாயம்தான். வெயில்ல வெச்சா தண்ணி சூடாகும், ஆவியாகி உப்பு ஏறும், அதுலயே பூச்சி செத்திருக்கலாமே.

அதனால மொட்டை மாடியில மறுபடி போட்டோம், இந்தத் தடவை நாலு வகை. ஒண்ணு, சுத்தமான கடல் தண்ணி, திறந்த வெயில். ரெண்டு, எண்ணெய்த் தண்ணி, அலுமினியம் ஃபாயில் சுத்தி இருட்டுல. மூணு, எண்ணெய்த் தண்ணி, மேலயும் பக்கத்துலயும் கூரைக்குப் போடுற பாலிகார்பனேட் ஷீட். அது வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யூ.வி-யைத் தடுத்துடும். நாலாவது, எண்ணெய்த் தண்ணி, திறந்த வெயில். நாலையும் ஒரே தண்ணித் தொட்டியில உட்கார வெச்சு, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஐஸ் போட்டு, சூடு ஏறாம பார்த்துக்கிட்டோம். சென்னை வெயில்ல மூணு மணி நேரம். அந்த ஆராய்ச்சியில பூச்சியை விட அதிகமா வதங்கினது நாங்கதான்.

முதல் மூணு வகையிலயும் பெரும்பாலானது நீந்திட்டே இருந்துச்சு. நாலாவதுல அடியில ஆரஞ்சுப் புள்ளிகள், அசைவே இல்லை. மூணு தடவை திரும்பச் செஞ்சோம், மூணு தடவையும் அதேதான்.

நான் எழுதின அந்த வாக்கியத்தை அழிச்சேன். அதுக்குப் பதிலா இப்போ ரிப்போர்ட்ல இருக்கிறது ரொம்ப நீளமான, அழகே இல்லாத ஒரு வாக்கியம். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த வெளிச்சத்துலன்னு எல்லாம் சொல்லிட்டுத்தான் முடிவைச் சொல்லுது. 'பாதுகாப்பானது'ங்கிற வார்த்தை அதுல இல்லை.

ரிவ்யூ முடிஞ்ச ஞாயித்துக்கிழமை எண்ணூரான் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா கேட்டாங்க, "என்ன தம்பி, பார்த்தீங்களா?" எனக்கு வாயே வரல. 'ஃபோட்டோடாக்ஸிசிட்டி'ன்னு ஆறு ஸ்லைடு வெச்சு பேனல் முன்னாடி சரளமாப் பேசினவன், தமிழ்ல ஒரு வாக்கியம் கிடைக்காம திணறினேன். எண்ணூரான் சிரிச்சுட்டு, "வெயில் பட்டா அந்த எண்ணெயோட விஷம் ஏறுதும்மா. பெருசுக்கு ஓடு இருக்கு, தப்பிச்சுக்கும். குஞ்சுக்குத்தான் ஆபத்து"ன்னான். முடிஞ்சது. ஆறு ஸ்லைடு!

அவங்க கொஞ்ச நேரம் பேசல. "அப்போ வெயில் அடிச்சா எண்ணெய் போகாதா?"ன்னு கேட்டாங்க. "போகும் ஆன்ட்டி, வெயில் எண்ணெயை உடைக்கவும் செய்யுது. ஆனா முழுசா போறதுக்குள்ள இந்த வேலையையும் பார்த்துடுது"ன்னேன். கலங்கின தண்ணியில யூ.வி ஆழமாப் போகாது, எண்ணூர் ஆத்துத் தண்ணி கலங்கல்தான், அதனால மாடியில நாங்க பார்த்தது அங்கே அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாதுன்னும் சொன்னேன். அவங்க நிஜமாக் கேட்டது சாப்பிடலாமாங்கிறது. அதுக்கு எங்க ப்ராஜெக்ட்ல பதில் இல்லை, அதுக்கு இறாலையும் சிப்பியையும் பிடிச்சு அதோட சதையில எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்க்கணும், அது வேற டெஸ்ட். இதையும் சொன்னேன். சொல்லும்போது வெக்கமா இருந்துச்சு. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாம போய் நிக்கிறோமேன்னு.

அவங்க என்னைத் திட்டல. "எனக்குத் தெரியாதுன்னு சொல்ற ஆளு நீ ஒருத்தன்தான் தம்பி வந்திருக்க"ன்னாங்க. அப்புறம், "மகன் சொன்னானே, குஞ்சு, ஓடு, வெயிலுன்னு. அதை ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் குடு. இங்க நாலு பேருக்குப் படிச்சுக் காட்டலாம்"ன்னாங்க.

இந்தக் கட்டுரை தமிழ்ல இருக்கிறதுக்குக் காரணம் அதுதான். எடிட்டர் இதைப் போட்ட உடனே ஒரு ப்ரின்ட் எடுத்து அவங்ககிட்ட கொடுக்கணும்.

ஜூனியர்ஸுக்கு ஒரே ஒரு விஷயம். அடுத்த வருஷம் நீங்களும் ரிப்போர்ட் எழுதுவீங்க. 'சேஃப்', 'நோ எஃபெக்ட்'னு டைப் பண்ண கை போகும்போது, ஒரு நிமிஷம் லேப் கூரையை நிமிர்ந்து பாருங்க. நம்ம ரிப்போர்ட்டை யார் படிக்கப் போறாங்கன்னு நினைச்சுதான் எல்லாரும் எழுதறோம். எங்க ரிப்போர்ட்டை நம்பி ஒருத்தங்க ஆத்து இறாலை வாங்கிட்டு வர இருந்தாங்க.